டிராக்கன்ஸ்பர்க் புல்வெளியில் இரண்டு இரவு: முதல் முறை போகிறோம், வழி சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன், டர்பன்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து நாலு வருடம் ஆகிறது. சின்ன வயதில் அப்பா எங்களை மேல் நீலகிரிப் புல்மேடுகளுக்குக் கூட்டிப்போவார். மடிப்பு மடிப்பாகப் புல், மடிப்புக்குள் மட்டும் கொஞ்சம் சோலை. சாயங்காலம் ஆனதும் இறங்கிவிடுவோம். இருட்டிய பிறகு அந்த இடம் எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் அப்பாவைக் கேட்டுக்கொண்டே வருவேன். அவருக்கும் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

போன மாதம் என்3 சாலையில் ஜொகன்னஸ்பர்க் போனபோது, எஸ்ட்கோர்ட் பக்கம் இடது கைப்புறம் முழுக்க டிராக்கன்ஸ்பர்க் மலைச்சுவர். அதற்கு முன்னால் சிவப்பும் மஞ்சளுமாகப் புல், மேடு மேடாக. அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகனுக்கு இப்போது 14 வயது. அவனோடு அந்தப் புல்லில் படுத்து எழுந்திருக்க வேண்டும். வேலி போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, பக்கத்தில் கார் நிற்கிற முகாம் வேண்டாம். எல்லாவற்றையும் முதுகில் சுமந்துபோய், திறந்த வெளியில் கூடாரம் அடிக்க வேண்டும்.

திட்டம் இதுதான். ஜூன் கடைசி வாரம், பள்ளி விடுமுறை. நான், மகன், மச்சான் என்று மூன்று பேர். சென்டினல் கார் நிறுத்தத்திலிருந்து சங்கிலி ஏணி வழியாக மேலே ஏறி, துகேலா அருவி விழுகிற விளிம்புக்குப் பக்கத்தில் இரண்டு இரவு. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய மூன்று பேர் கூடாரம் இருக்கிறது. 5 டிகிரி என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் மூன்று, ஒரு சின்ன கேஸ் அடுப்பு. அனுமதி எங்கே வாங்குவது, தண்ணீர் கிடைக்குமா, குளிர் எவ்வளவு இருக்கும், சைவச் சாப்பாட்டில் எதைக் கொண்டுபோகலாம், திருட்டு பயம் உண்டா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள். இதில் அவசரப்பட்டுத் தப்பு செய்ய எனக்கு விருப்பமில்லை.


மாரிட்ஸ்பர்க் நடையன்

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 22 வருடமாக அந்த மலைக்குப் போய்வருகிறேன், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். மகனோடு முதல் இரவை மேலே வைக்காதீர்கள். மேலே என்றால் 3000 மீட்டர். ஜூன் கடைசி இங்கே நடுக்குளிர்காலம், அங்கே ராத்திரி உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே போவது சாதாரணம். காற்றும் சேர்ந்தால் உங்கள் 5 டிகிரி பைக்குள் யாரும் தூங்க முடியாது.

நீங்கள் சாலையிலிருந்து பார்த்த அந்தப் புல்மேடு மலைச்சுவரின் உச்சியில் இருப்பதல்ல. அதற்குக் கீழே ஒரு படி மாதிரி நீண்டு கிடக்கிறது, நாங்கள் லிட்டில் பெர்க் என்போம். அடியில் மஞ்சள் மணற்பாறை, அதன்மேல் புல். புல் முடிகிற இடத்தில் கரிய எரிமலைப் பாறைச் சுவர் எழும்பி மூவாயிரம் மீட்டருக்குப் போகிறது. நீங்கள் தேடுகிற இடம் அந்தப் படிதான் என்பது என் எண்ணம். சுமார் 2000 மீட்டர் உயரம், கண்ணுக்கு எட்டின மட்டும் புல், நடுவே எரிக்கா புதர்கள், ஓடை மடிப்புகளில் கொஞ்சம் மரம். உங்கள் நீலகிரியை நான் பார்த்ததில்லை, ஆனால் நீங்கள் எழுதியது அப்படியே இங்கே பொருந்துகிறது.

மாங்க்ஸ் கௌல் என்ற பூங்கா வாசல் வழியாகப் போங்கள். டர்பனிலிருந்து என்3 பிடித்து, வின்டர்டன் வழியாக ஆர்600 சாலை; மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாலை முடிகிற இடத்தில் பூங்காவை நடத்துகிற எசெம்வெலோ அலுவலகம். இரவு தங்குவதற்கான பெர்மிட்டை அங்கே பணம் கட்டி வாங்கலாம். மலை மீட்புப் பதிவேடு ஒன்று வைத்திருப்பார்கள். எத்தனை பேர், எந்த வழி, எந்த இரவு எங்கே, கூடாரம் என்ன நிறம், எப்போது திரும்புவீர்கள் என்று முழுதாக எழுதுங்கள். இறங்கி வந்ததும் மறக்காமல் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுங்கள். அதை மறந்து நேரே வீட்டுக்குப் போனால் உங்களைத் தேடி ஆட்கள் மலையேற வேண்டியிருக்கும். மூன்று பேருக்குக் குறைவாக இரவு தங்கப் போகக் கூடாது என்பது இங்கே பழைய வழக்கம்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், ஒருவர் உதவிக்கு ஓடலாம். நீங்கள் சரியாக மூன்று பேர்.

பாதை ஸ்ஃபிங்க்ஸ் என்ற பாறையைச் சுற்றி ஏறும். முதல் ஒரு மணி நேரம்தான் செங்குத்து. பிறகு பிரேக்ஃபாஸ்ட் ஸ்ட்ரீம் என்ற ஓடை, அதற்கு மேல் பிளைண்ட் மேன்ஸ் கார்னர். சுமையோடு நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அங்கே போய் நின்றால் எதிரே காத்கின் சிகரம், 3149 மீட்டர், தலைக்கு மேல் நிற்கிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துப் புல்வெளியில் இப்போது எங்கே கூடாரம் அடிக்கலாம், எந்த ஓடையில் தண்ணீர் ஓடுகிறது என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். குளிர்காலத்தில் சின்ன ஓடைகள் வற்றிவிடும். இரண்டு இரவும் ஒரே இடத்தில் தங்குவது நல்லது. நடு நாளில் சுமையில்லாமல், ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் மலையை ஒட்டிப் போகிற கான்டூர் பாதையில் விருப்பப்பட்ட தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். முதல் தடவை போகிற பையனுக்கு அந்த நாள்தான் மனதில் நிற்கும். அவன் எடை 50 கிலோ என்றால் பை 10 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

கூடாரம் அடிக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தப்பு செய்வது இதில்தான். ஓடைக்கரையில் தட்டையாக, மெத்தென்று ஒரு இடம் தெரியும். கால் தானாக அங்கே போகும். போகாதீர்கள். ராத்திரியில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். காலையில் பார்த்தால் பள்ளம் மட்டும் உறைபனியால் வெள்ளையாக இருக்கும், இருபது மீட்டர் மேலே புல் காய்ந்திருக்கும். முகட்டிலும் வேண்டாம், அங்கே காற்று. நடுச்சரிவில், முகட்டுக்கு ஒரு படி கீழே, மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டுகிற சின்னத் தட்டைப் பாருங்கள். கொத்துக் கொத்தாக வளர்கிற புல் என்பதால் கொத்துகளுக்கு நடுவே முதலில் நீங்கள் படுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் துணியை விரியுங்கள். கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். காற்றே இல்லாத சாயங்காலமாக இருந்தாலும் எல்லாக் கயிற்றையும் இழுத்துக் கட்டுங்கள். நள்ளிரவில் எழுந்து முளை அடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் கூடாரத்தைப் பற்றி: மேல்துணி தரை வரைக்கும் வருகிறதா பாருங்கள். சூப்பர் மார்க்கெட் கூடாரங்களில் மேல்துணி தொப்பி மாதிரி உச்சியில் மட்டும் இருக்கும். அது கடற்கரைக்குச் சரி, இங்கே ஆகாது. ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு எண் போட்டிருப்பார்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய கடைசி எல்லை. கம்ஃபர்ட் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் ஐந்தாவது இருக்கட்டும். அதைவிட முக்கியம் அடியில் போடும் பாய். உடம்புச் சூட்டைத் தரைதான் உறிஞ்சும். நல்ல பையை வாங்கிவிட்டு மெல்லிய பாயில் படுத்து விடிய விடிய நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தீ மூட்ட அனுமதி இல்லை, விறகடுப்பு அறவே கூடாது. ஜூனில் அந்தப் புல் பஞ்சு மாதிரி. கேஸ் அடுப்பைப் பாறை மேல் வைத்துப் பற்றவையுங்கள், கூடாரத்துக்குள் வேண்டாம். மலம் கழிக்க ஓடையிலிருந்து எழுபது எண்பது தப்படியாவது தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டுங்கள். காகிதத்தை அங்கேயே கொளுத்துவது சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். காய்ந்த புல்லில் அது ஒரு மலையையே எரித்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். குளிர்காலத்தில் பூங்காக்காரர்களே தீத்தடுப்புக்காகப் பட்டை பட்டையாகப் புல்லை எரிப்பார்கள். நீங்கள் போகும் நாளில் எங்கே எரிக்கிறார்கள் என்பதையும் அலுவலகத்தில் கேளுங்கள்.

திருட்டு பற்றி: லிட்டில் பெர்க்கில் மனிதர்களைவிட பபூன் குரங்குக்குத்தான் பயப்பட வேண்டும். பகலில் கூடாரத்தை விட்டுப் போனால் சாப்பாட்டை உள்ளே வைக்காதீர்கள், துணியைக் கிழித்துவிடும். மேல் விளிம்பில் நிலைமை வேறு. அங்கே கூடாரங்களில் திருட்டு நடந்திருக்கிறது, கணவாய்கள் வழியாகக் கஞ்சா கடத்துகிறவர்களும் நடக்கிறார்கள். மேலே தங்கும்போது நான் பாதையை விட்டு நன்றாகத் தள்ளி, இருட்டுகிற நேரத்தில்தான் கூடாரம் அடிப்பேன், பூட்ஸைக்கூட உள்ளேயே வைத்துக்கொள்வேன். அதற்காக மேலே பார்க்கிற எல்லோரையும் சந்தேகப்பட வேண்டாம். கம்பளி போர்த்திக்கொண்டு ஆடு மேய்க்கிற, லெசோத்தோ நாட்டுப் பசோத்தோப் பையன்கள் பலருக்கு உங்கள் மகன் வயதுதான் இருக்கும். 'டுமேலா' என்று முதலில் நீங்கள் வணக்கம் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஒரு தடவை மூடுபனியில் வழி தவறிய எங்களை அப்படி ஒரு பையன்தான் கணவாய் வாயில் வரை கொண்டுவந்து விட்டான். கொடுக்க எங்களிடம் இருந்தது அரை பாக்கெட் ரஸ்க். வாங்கிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பிப் போனான்.

இன்னொன்று. மேல் விளிம்பில் பல இடங்களில் நாலு அடி எடுத்து வைத்தால் லெசோத்தோ மண். நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விசா விஷயத்தை முறையாக விசாரிக்காமல் மேலே போக வேண்டாம்.


லெனேஷியா அம்மா

மாரிட்ஸ்பர்க் தம்பி சொன்ன எல்லாம் சரி, ஆனால் சென்டினல் பக்கத்தை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஜொகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து எங்களுக்கு அதுதான் கிட்டே. கார் நிறுத்தமே சுமார் 2500 மீட்டரில் இருக்கிறது, அதனால் ஏற்றம் குறைவு. நான் 52 வயதில் அந்தச் சங்கிலி ஏணியில் ஏறினேன். இரண்டு ஏணி, எல்லாம் சேர்த்து நூறு படி இருக்கும். கீழே பார்க்காமல் ஏறினால் முடிந்துவிடும். ஏணி பயமாக இருந்தால் பக்கத்தில் பாறை இடுக்கு வழியாகவும் ஏறலாம். துகேலா ஆறு சத்தமே இல்லாமல் புல்லுக்கு நடுவே ஓடிவந்து, திடீரென்று விளிம்பில் விழுகிறது. ஐந்து தாவலாக 948 மீட்டர். அங்கே வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் யாராவது காலைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஜூனில் ஏணிப் படியில் பனி உறைந்திருக்கும். பையனோடு, சுமையோடு, அந்த மாதத்தில் நானும் போக மாட்டேன். ஏப்ரல், மே என்றால் போயிருக்கலாம். ஒரு நாள் ஏறி அன்றைக்கே இறங்குங்கள், தங்க வேண்டாம். அருவி விளிம்பில் நிறையப் பேர் தங்கி அசிங்கம் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஓடுகிற தண்ணீரைக் காய்ச்சாமல் ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள். அந்த இடத்தை அப்படிப் பார்க்க எனக்கு நெஞ்சு கனத்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 3000 மீட்டரில் 90 டிகிரிதான். நீங்கள் தங்கப்போகிற 2000 மீட்டரில் 93 டிகிரி. துவரம்பருப்பை வைத்தால் கேஸ் தீர்ந்துபோகும், பருப்பு வேகாது. எங்கள் முதல் பயணத்தில் அதுதான் நடந்தது. மூன்று பேரும் பாதி வெந்த பருப்பைத் தின்றுவிட்டுப் படுத்தோம். அவல் கொண்டுபோங்கள். தாளிப்பை வீட்டிலேயே செய்து, வறுத்த நிலக்கடலை, பொடித்த மிளகாய், உப்பு, காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்தால், வெந்நீரில் ஊறின அவலில் கொட்டிக் கிளறுவதோடு வேலை முடிந்தது. மசூர் பருப்பு என்றால் வெந்துவிடும். அதையும் காலையிலேயே ஊறப்போட்டுவிடுங்கள். முதல் நாள் ராத்திரிக்கு வீட்டிலிருந்தே ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும், இரண்டாம் நாள் மதியத்துக்குப் புளியோதரை. அந்தக் குளிரில் கெடாது. சத்துமாவை வெல்லத்தோடு கலந்து வைத்துக்கொண்டால் காலையில் கஞ்சி. கையில் ஒரு சின்ன ஃபிளாஸ்க் கட்டாயம். படுக்கப் போகுமுன் கொதிக்கிற தண்ணீரை நிரப்பிப் பையன் பக்கத்தில் வையுங்கள். நடுராத்திரியில் விழித்தால் சுக்குக் காப்பி குடிக்கலாம்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், விடிய ஏழு மணி ஆகும். மலைச்சுவர் மேற்கே இருப்பதால் வெயில் அதற்கும் முன்னாலேயே போய்விடும். பதினாலு மணி நேரம் கூடாரத்துக்குள். பெரியவர்களுக்குப் பரவாயில்லை, பையனுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று இப்போதே யோசியுங்கள்.


சாட்ஸ்வொர்த் ஓய்வு ஆசிரியர்

தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்ததால் எனக்கும் என் அப்பாவை எழுதத் தோன்றுகிறது.

அவருக்கு ஜொகன்னஸ்பர்க்கில் ஒரு அக்கா. வருடத்துக்கு ஒரு தடவை பழைய வண்டியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவார். வான் ரீனன் கணவாய் தாண்டினால் ஃப்ரீ ஸ்டேட். 1891ல் போட்ட சட்டப்படி இந்தியர்கள் அந்த மாகாணத்தில் குடியிருக்கக் கூடாது. கடந்து போகலாம், இரவு தங்கக் கூடாது. 1986ல்தான் அது நீங்கியது. அதனால் அப்பா நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் கிளம்புவார். நாங்கள் தூங்கி விழுந்தாலும் நிறுத்த மாட்டார். அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியை ஓடுகிற வண்டியில்தான் சாப்பிடுவோம். ஜன்னல் வழியாக மலை தெரியும், சில வருடம் மேலே பனியும் தெரியும். "அங்கே போகலாமா அப்பா?" என்று கேட்டால், "பார்த்துக்கோ, கண்ணால் பார்க்க யாரும் தடை போடவில்லை" என்பார். கணவாய்க்கு இந்தப் பக்கம், நம் நேட்டால் மாகாணத்தில் இருந்த தங்கும் இடங்களும் நமக்குக் கிடையாது. பொது இடங்களை இனம் பார்த்துப் பிரித்துவைத்த 1953ஆம் வருடச் சட்டம் 1990ல்தான் ரத்தானது.

1991ல் நான் முதல் முறையாக அந்தப் புல்லில் படுத்தேன். எனக்கு அப்போது 36 வயது, அப்பா உயிரோடு இல்லை. நம் வீடுகளில் மலைக்குப் போகிற பழக்கம் ஏன் இல்லை என்று இளைஞர்கள் கேட்கும்போது இதைச் சொல்லுவேன். ஒரு தலைமுறைக்கே அந்தக் கதவு அடைத்துக் கிடந்தது. உங்கள் மகன் போவதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் வானத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். 1990களின் கடைசியில் ஒரு ஜூலை, நாங்கள் நாலு ஆசிரியர்கள் ஜயன்ட்ஸ் காசில் பக்கம் போனோம். இரண்டாம் நாள் மத்தியானம் மலையிலிருந்து சூடான காற்று வீசியது. குளிர்காலத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நடந்தோம், எவ்வளவு நல்ல வானிலை என்று பேசிக்கொண்டோம். பெர்க் காற்று என்பார்கள் அதை. உள்நாட்டு மேட்டிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகும். அதன் பின்னாலேயே தெற்கிலிருந்து குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றின் முன்வரிசை, வந்துகொண்டிருக்கும். அன்று சாயங்காலம் காற்று சட்டென்று நின்று, திசை மாறி, ஒரு மணி நேரத்தில் கை விரைத்துப் போனது. ராத்திரி பனி விழத் தொடங்கியது. பனி விழும்போது சத்தமே இருக்காது. மழையாவது தட்டி எழுப்பும். கூடாரத்துணி முகத்தில் வந்து படிந்தபோதுதான் விழித்தேன். அதன் பிறகு விடியும்வரை முறை வைத்து எழுந்து உள்ளேயிருந்து துணியைத் தட்டிப் பனியை இறக்கினோம். காலையில் பூட்ஸ் இரண்டும் கல். பாதை எங்கே என்றே தெரியவில்லை. திசைமானியை வைத்துக்கொண்டு, மூடுபனியில் ஒருவர் பையை ஒருவர் பிடித்தபடி இறங்கினோம். எங்களில் ஒருவருக்குக் கால் விரல்களில் பல மாதம் உணர்ச்சி திரும்பவில்லை.

அதனால் குளிர்காலத்தில் மலை மேல் திடீரென்று சூடு ஏறினால் மகிழாதீர்கள். அன்றே மூட்டை கட்டி இறங்குங்கள். கிளம்பும் முன் மூன்று நாளும் இரண்டு மூன்று இடத்தில் முன்னறிவிப்பைப் பாருங்கள். டர்பனுக்கோ வின்டர்டனுக்கோ போட்டிருப்பதைப் பார்த்துப் பயனில்லை, மலை உயரத்துக்குத் தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். குளிர்முகம் வருகிறது என்றால் அடுத்த வாரம் போகலாம். கோடையில் போனால் கதை வேறு. மத்தியானத்துக்கு மேல் தினம் இடி மின்னல். அப்போது முகட்டிலும் தனி மரத்தடியிலும் நிற்கக் கூடாது. உங்களுக்கு ஜூன் என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

பதினாலு மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டிருந்தார்கள். பையனை இரவு பத்து மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே மல்லாந்து படுக்க வையுங்கள், ஸ்லீப்பிங் பேக்கோடு. கேட்டை நட்சத்திரம் சிவப்பாக ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். தமிழ்நாட்டில் அது தெற்கே சரிந்து தெரியும், இங்கே தலைக்கு மேல். அதன் பின்னால் மூலம், அதற்குப் பின்னால் பால்வீதியின் தடித்த நடுப்பகுதி. விருச்சிகம் முழுசாகத் தேள் மாதிரியே தெரியும், கொடுக்கு உட்பட. அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள்.


கோத்தகிரிக்காரன், டர்பன்

ஆசிரியர் ஐயா, நீங்கள் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் அவனுக்குப் பேச வரும், படிக்கத் திணறுவான். வாசித்து முடித்ததும் அந்த ஃப்ரீ ஸ்டேட் விஷயத்தைப் பற்றி நிறையக் கேட்டான். இந்த நாட்டில் நாலு வருடம் இருந்தும் எனக்கே தெரியாது. என்3ல் எத்தனை தடவை ஹாரிஸ்மித்தில் நிறுத்திக் காப்பி குடித்திருக்கிறேன். நன்றி ஐயா.

திட்டத்தை மாற்றிவிட்டேன். சென்டினல் இல்லை. மாங்க்ஸ் கௌல், வெள்ளிக்கிழமை காலை நாலரைக்கு டர்பனில் கிளம்பி எட்டு மணிக்கு அலுவலகம், மதியத்துக்குள் பிளைண்ட் மேன்ஸ் கார்னர். அங்கேயே இரண்டு இரவு. ஞாயிறு மதியம் இறக்கம். அமாவாசையை ஒட்டிய வெள்ளியைப் பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த வெள்ளியும் கைவசம் இருக்கிறது. குளிர்முகம் வந்தால் தள்ளிப்போடுவேன். அக்கா, அவல் யோசனை அருமை, வீட்டில் ஏற்கனவே வறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கூடாரத்தை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தேன். மேல்துணி தொப்பி மாதிரிதான். புதிதாக ஒன்று வாங்க விலை பார்த்தால், ஸ்லீப்பிங் பேக்கும் பாயும் சேர்த்து இந்த மாதம் கட்டுப்படியாகாது. பையும் பாயும் மட்டும் நல்லதாக வாங்கிவிட்டு, இந்தக் கூடாரத்தின் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் போதுமா? இன்னொரு சந்தேகம். மச்சான் முழங்கால் கொஞ்சம் பலவீனம், இறக்கத்தில் வலிக்கும் என்கிறான்.


மாரிட்ஸ்பர்க் நடையன்

தார்ப்பாய் வேண்டாம். காற்று அதைப் பாய்மரம் மாதிரி பிடித்து முளையோடு பிடுங்கிவிடும். பையிலும் பாயிலும் பணத்தைப் போடுங்கள், அது சரியான முடிவு.

மச்சானுக்கு இரண்டு நடைக்கோல். இறக்கத்தில் கோலைக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டு, அடியைச் சின்னதாக வைத்தால் முழங்கால் தப்பிக்கும். கனமான சாமானை அவர் பையிலிருந்து உங்கள் பைக்கு மாற்றுங்கள். ஸ்ஃபிங்க்ஸுக்குக் கீழே படி படியாக இறங்குகிற இடம்தான் அவருக்குச் சிரமம். அங்கே அவசரப்படாமல் இறங்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கே கிளம்பிவிட்டால் நல்லது.

கைபேசிச் சார்ஜ்: குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அணைத்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு தூங்குங்கள். மேலே எல்லா மடிப்பிலும் சிக்னல் இருக்காது, அதனால் மலை மீட்பு எண்ணை அலுவலகத்தில் வாங்கித் தாளிலும் எழுதி வையுங்கள், மகன் பையில் ஒரு பிரதி. தண்ணீர் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேலிருந்து தொடங்கும் என்பதால் காலையில் மூடி திறக்கும்.

மணற்பாறைக் குகைகளில் இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கும். அந்தக் குகைகளில் தங்கக் கூடாது, ஓவியத்தைத் தொடவோ தண்ணீர் தெளிக்கவோ கூடாது. பையனிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

கூடாரத்துக்கு: என்னிடம் மூன்று பேர் படுக்கிற மலைக் கூடாரம் ஒன்று இருக்கிறது, மேல்துணி தரை வரை வரும். ஜூன் முழுக்க நான் எங்கேயும் போகவில்லை. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை மாரிட்ஸ்பர்க் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுப் புல்தரையில் இரண்டு தடவை அடித்துப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோகலாம், இரண்டாவது தடவை விளக்கில்லாமல். மகனையும் கூட்டி வாருங்கள், முளையை அவன்தான் அடிக்க வேண்டும்.


சாட்ஸ்வொர்த் ஓய்வு ஆசிரியர்

அந்தச் சனிக்கிழமை எது என்று எனக்கும் சொல்லுங்கள். என் திசைமானி ஒன்று சும்மா கிடக்கிறது, பையனுக்குக் கொடுக்க வேண்டும்.